ஏற்பியை மூடுவதா, பெப்டைடைப் பிடிப்பதா?

ஒற்றைத் தலைவலியின்போது முகத்துக்கும் தலைக்கும் உணர்வு தரும் முக்கிளை நரம்பின் முனைகளிலிருந்து சி.ஜி.ஆர்.பி. என்ற பெப்டைடு, அதாவது ஒரு குட்டிப் புரதத் துண்டு, வெளிவருகிறது. மொத்தம் 37 அமினோ அமிலங்கள்தான். அது செல்லின் மேல் தனக்கென இருக்கும் புரதமான ஏற்பியில் போய் உட்கார்ந்தால் ரத்தக் குழாய் விரிகிறது, வலிச் செய்தி ஓடுகிறது. இதைத் தடுக்க ஆன்டிபாடி, அதாவது ஒரு குறிப்பிட்ட இலக்கை மட்டும் பிடிக்கும் புரத மருந்து, செய்தவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். எரினுமாப் ஏற்பியை மூடுகிறது. ஃப்ரெமானெசுமாப், கால்கானெசுமாப், எப்டினெசுமாப் மூன்றும் பெப்டைடையே பிடித்துக்கொள்கின்றன. எப்டினெசுமாபுக்கு 2020-இலும் மற்றவற்றுக்கு 2018-இலும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

செய்யும் சிரமத்தில் இரண்டுக்கும் பெரிய தூரம். பெப்டைடு தண்ணீரில் கரையும். ஆய்வகத்திலேயே கோத்து எடுத்துவிடலாம். ஏற்பியோ செல் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் புரதம். சவ்விலிருந்து உருவினால் வடிவம் குலைந்துவிடும். குலைந்த வடிவத்தை வைத்து உருவாக்கிய ஆன்டிபாடி, உயிருள்ள செல்லில் இருக்கும் ஏற்பியை அடையாளம் காணாமலே போகலாம். போதாததற்கு, இந்த வகை ஏற்பிகள் பலவற்றில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியும் மிகச் சிறியது.

சி.ஜி.ஆர்.பி. ஏற்பியில் ஒரு நல்ல வாய்ப்பு இருந்தது. அதன் முக்கியப் புரதமான சி.எல்.ஆருக்கு வெளித்தலை பெரியது. ராம்ப் 1 என்ற துணைப் புரதமும் அதோடு ஒட்டி நிற்கிறது. இரண்டும் சேரும் இடத்தில்தான் பெப்டைடு வந்து அமரும். எரினுமாப் பிடிப்பதும் அந்தச் சந்திப்பைத்தான். சி.எல்.ஆர்., ராம்ப் 1 இரண்டுமே தனித்தனியாக வேறு ஏற்பிகளிலும் வேலை செய்பவை. சந்திப்பைப் பிடிப்பதால் அந்த ஏற்பிகளுக்குப் பெரிய தொந்தரவில்லை. இந்த நுணுக்கத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

பெப்டைடைப் பிடிக்கும் பக்கத்துக்கும் ஒரு பலம் இருக்கிறது. சி.ஜி.ஆர்.பி., அமிலின் என்ற வேறொரு ஹார்மோனின் ஏற்பி ஒன்றிலும் ஒட்டும். பெப்டைடே சிக்கிவிட்டால் அந்த வழியும் சேர்ந்து அடைபடும்.

சரி, நோயாளிக்கு? எரினுமாப் மாதம் ஒரு ஊசி. ஃப்ரெமானெசுமாபை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் போடலாம். எப்டினெசுமாபுக்கு மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். ஏற்கெனவே மலச்சிக்கல் உள்ளவருக்கு நான் எரினுமாபை முதலில் சொல்ல மாட்டேன். அதன் அமெரிக்க மருந்துக் குறிப்பிலேயே அந்த எச்சரிக்கை உண்டு.

அப்புறம், மாத்திரையை மறக்கக் கூடாது. 580 பேரிடம் மூன்று மாதம் நடந்த சோதனையில், தலைவலி நாட்கள் பாதியாவது குறைந்தவர்கள் கால்கானெசுமாபில் 62 சதவீதம். ஏற்பியை அடைக்கும் ரிமெஜிபான்ட் மாத்திரையில் 61 சதவீதம். ஆன்டிபாடி உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், மாத்திரைக்குச் சில மணி நேரம் போதும். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்ணுக்கு இது பெரிய வித்தியாசம்.

செல் சவ்வில் அயனிகள் கடந்துபோகும் வாசல்களான அயனிக் கால்வாய்களில் பலவற்றுக்கு இந்தத் தேர்வே இல்லை. மின்னழுத்தத்தால் திறக்கும் சோடியம் கால்வாயில் பிடிப்பதற்குப் பெப்டைடு எதுவும் கிடையாது; கால்வாயைத்தான் தொட வேண்டும். வெளியே தெரிவதோ குட்டிக் குட்டி வளையங்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வலி மருந்தான சுசெட்ரிஜின், வலி நரம்பில் இருக்கும் நேவ் 1.8 என்ற சோடியம் கால்வாயைத் தடுக்கிறது, அதுவும் மாத்திரைதான். ஆனாலும் ஒன்றையொன்று ஒத்த ஒன்பது சோடியம் கால்வாய்களில், இதயத்தில் இருப்பதை விட்டுவிட்டு வலி நரம்பில் இருப்பதை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி கிடைக்குமென்றால், எரினுமாப் போன கடினமான வழியில் இன்னும் கொஞ்சம் நடக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.