பால்குடமும் பச்சை லைட்டும்: கடை வெப்சைட்டுக்கு நாலு வருசமா எழுதின அனுபவம்

மலேசியாவுல பினாங்கு ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுல எங்க மாமாவுக்கு பித்தளைச் சாமான் கடை, குத்துவிளக்கு, தூபக்கால், தைப்பூசம் நெருங்கினா பால்குடம். 2021 கடைசியில வெப்சைட் போட்டோம், அதுக்கு எழுதுறது நான்தான். கூகுள்ல மேல வரணும்னு கீவேர்ட், அதாவது ஆளுங்க தேடுற வார்த்தைய எண்ணுற ப்ளகின் (வெப்சைட்டுல சேக்குற குட்டி சாஃப்ட்வேர்) ஒன்னு காசு குடுத்து வாங்குனேன், கூகுள் தேடல்ல நம்ம பக்கம் எப்படி வருதுன்னு காட்டுற கூகுளோட சர்ச் கன்சோலையும் சேத்தேன், அது ஃப்ரீ.

மொதல்ல ப்ளகின். நாம ஒரு வார்த்தையக் குடுத்தா அது பக்கத்துல எத்தனை தடவ வருதுன்னு எண்ணும், பத்தலன்னா சிவப்பு லைட், போதும்னா பச்சை. இங்கிலீஷ் பக்கத்துக்கு பரவால்ல. தமிழுக்கு ஒத்தே வரல, ஏன்னா நான் வாங்குனது எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தாத்தான் கணக்குல எடுக்கும், நம்ம பேச்சுல பால்குடம் எங்க பால்குடமாவே நிக்குது, பால்குடத்தை, பால்குடத்துக்கு, பால்குடத்தோடன்னு மாறிக்கிட்டேதான் இருக்கும், அந்த 'ம்' போச்சுன்னா அதுக்கு வார்த்தையே இல்ல. பத்து தடவ எழுதியிருப்பேன், மூணுன்னு காட்டும். பச்சைக்காக வேற்றுமை உருபையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு "பால்குடம் பினாங்கு வாங்க எங்கள் பால்குடம் கடை"ன்னு அடுக்குனேன். அடியில பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால்னு வெறும் ஊர்ப்பேரா ஒரு பத்தி வேற.

கடைக்கு வாடிக்கையா வர்ற ஒரு டீச்சர், தமிழ்ப்பள்ளியில இருந்து ரிட்டயர் ஆனவங்க, "தம்பி, இதப் படிக்கவே முடியலயே, யாரு எழுதுனது?"ன்னு மாமாகிட்ட கேட்டுட்டாங்க. மாமா கோவிக்கல, "டீச்சர் சொல்றது சரிதானம்மா"ன்னாரு. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

அப்புறம்தான் கூகுளோட ஸ்பேம் விதிமுறைய உக்காந்து படிச்சேன். கீவேர்ட் திணிக்கிறது அதுல பேர் சொல்லியே இருக்கு, ஊர்ப்பேர வரிசையா அடுக்குறதும் உதாரணமாவே குடுத்திருக்காங்க, நான் செஞ்சதேதான். பக்கத்துக்குப் பின்னாடி போடுற மெட்டா கீவேர்ட்ஸ ரேங்கிங்குக்குப் பாக்குறதில்லன்னு 2009லயே சொல்லிட்டாங்க, நான் அதையும் நிரப்பிக்கிட்டு இருந்தேன்.

அதுக்கப்புறம் சர்ச் கன்சோலத்தான் நம்புறேன். ஆளுங்க என்ன தட்டி நம்ம பக்கத்துக்கு வந்தாங்கன்னு அது காட்டும். பாதிப் பேரு தமிழ இங்கிலீஷ் எழுத்துல தட்டுறாங்க, ஆனா அவங்க கேக்குறது சின்னப் பிள்ளைக்கு எந்த சைஸ், எத்தனை லிட்டர் பிடிக்கும், வாய்க்குக் கட்டுற மஞ்சத் துணியும் சேத்துக் கிடைக்குமா, இப்படி. என் பக்கத்துல இதுல ஒன்னுக்குக்கூட பதில் இல்ல! அத்தனை தடவ பால்குடம்னு எழுதி என்ன, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நேந்துக்கிட்டு இருக்குற ஒரு அம்மாவுக்கு வேண்டிய ஒரு தகவல் இல்ல. பக்கத்த மொத்தமா அழிச்சிட்டு, கல்லாவுல மாமா எப்படி விளக்கிச் சொல்வாரோ அப்படியே எழுதுனேன், ஒவ்வொரு குடத்துலயும் தண்ணி ஊத்தி அளந்தும் போட்டேன். பால்குடம்ங்கிற வார்த்தை தேவைப்பட்ட இடத்துல தானா வந்துச்சு. கூகுள் தேடல்ல ரெண்டாவது பக்கத்துல கிடந்தது மூணு மாசம் போல கழிச்சு முதல் பக்கத்துக்கு வந்துச்சு, சீசனும் கைகொடுத்திருக்கலாம், அத மறைக்க மாட்டேன்.

சீசன் கடைக்காரங்களுக்கு ஒன்னு. சர்ச் கன்சோல் 16 மாசத்து டேட்டாவத்தான் வெச்சிருக்கும், ரெண்டு தைப்பூசம் அதுல அடங்கிரும், ஆனா போன வருசத்தோட ஒப்பிடுற பட்டன நம்பாதீங்க. 2024ல தைப்பூசம் ஜனவரி 25, 2025ல பிப்ரவரி 11, தேதிக்குத் தேதி வெச்சா கணக்கு தப்பாத்தான் வரும். பூசத்துக்கு முந்தின நாலு வாரம்னு ரெண்டு பக்கமும் தேதியக் கையால போட்டுப் பாருங்க. 16 மாசம் தாண்டுறதுக்குள்ள ஷீட்டுல இறக்கி வெச்சிருங்க, நான் 2022 டேட்டாவ அப்படி இறக்காமத்தான் கோட்டை விட்டேன்.

குறைன்னா, ரொம்பக் கொஞ்சப் பேரு தேடுற வார்த்தைகள பிரைவசிக்காக மறைச்சிரும், எங்கள மாதிரி சின்னக் கடைக்கு அது பெரிய இழப்பு. அதுக்கு வாட்ஸ்அப்ல வர்ற கேள்விகள ஒரு நோட்டுல எழுதி வெக்கிறேன்.

ப்ளகின இந்த வருசம் புதுப்பிக்கல. குத்துவிளக்குப் பக்கம் இன்னும் அந்தப் பழைய அடுக்கோடதான் இருக்கு, தீபாவளிக்கு முன்னாடி மாத்தி எழுதி டீச்சர்கிட்ட படிக்கக் குடுக்கணும்.