டிராவல் டிரெய்லர் புதிதாக வாங்கியவர்களுக்கு: இதுவா, அதுவா?

டிராவல் டிரெய்லர் என்பது வண்டியின் பின்னால் இழுத்துப் போகும் சக்கர வீடு. புது டிரெய்லர் கைக்கு வந்ததும் மனம் உள்ளே இருக்கும் வசதிகள் மேல்தான் போகும். நல்ல மெத்தை, கூடுதல் விளக்கு, கூரையில் சோலார் தகடு என்று பட்டியல் நீளும். என் கருத்து வேறு. முதல் செலவு சாலையைத் தொடும் பொருள்களுக்கும், வண்டியையும் டிரெய்லரையும் பிணைக்கும் பொருள்களுக்கும் போக வேண்டும். உள்வசதிகளைச் சில பயணங்கள் போய்வந்த பிறகு முடிவு செய்துகொள்ளலாம். இந்த அலசலும் அதே வரிசையில்தான் போகிறது.

சாதா பால் ஹிட்ச்சா, எடை பகிரும் ஹிட்ச்சா?

ஹிட்ச் என்பது வண்டியையும் டிரெய்லரையும் பிணைக்கும் கொக்கி. சாதா ஹிட்ச்சில், அதாவது உருண்டை முனையில் மாட்டும் வகையில், டிரெய்லரின் முன்பக்கச் சுமை முழுவதும் வண்டியின் பின்புறத்தில் இறங்குகிறது. பின்புறம் தாழ்ந்து முன்புறம் தூக்கும். முன்சக்கரங்களில் எடை குறைவதால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் பிடிமானம் இழக்கும். இரவில் முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். எடை பகிரும் ஹிட்ச்சில் இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் உண்டு. இறுக்கி மாட்டும்போது அவை நெம்புகோலாக வேலை செய்து, பின் அச்சில் குவிந்த சுமையில் ஒரு பங்கை முன் அச்சுக்கும் இன்னொரு பங்கை டிரெய்லரின் அச்சுகளுக்கும் தள்ளும்.

சின்ன டிரெய்லரைப் பெரிய வண்டி இழுக்கிறது என்றால் சாதா ஹிட்ச் போதும். மாட்டுவதும் கழற்றுவதும் நொடியில் முடியும். டிரெய்லரின் எடை வண்டியின் எடையை நெருங்க நெருங்க மற்றதுதான் சரி. எந்த எடைக்கு மேல் அது கட்டாயம் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். சில வண்டிகளில் அதை மாட்டவே கூடாது என்றும் இருக்கும். அதைப் படிக்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஆனால் எந்த ஹிட்ச்சும் வண்டியின் இழுவைத் திறனைக் கூட்டிவிடாது, தவறாக ஏற்றிய சுமையைத் திருத்தவும் செய்யாது. வட அமெரிக்க வகை டிரெய்லர்களில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். 2,500 கிலோ டிரெய்லர் என்றால் 250 முதல் 375 கிலோ. ஐரோப்பிய டிரெய்லர்களான கேரவன்களுக்கு இது குறைவு, அங்கே கையேட்டில் உள்ள வரம்புதான் கணக்கு. கனமான பொருள்களை வால்பக்கம் அடுக்கினால் கொக்கியில் சுமை குறைந்து, வேகத்தில் டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஆட்டத்தை அடக்கும் கருவி பொருத்திய ஹிட்ச் உதவும் என்பது உண்மைதான். ஆனால் முதல் மருந்து சுமையைச் சரியாக அடுக்குவது.

விற்பனைத் தாளில் இருக்கும் 'காலி எடை'யை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அதில் உங்கள் சாமான் இல்லை, தண்ணீரும் இல்லை. 150 லிட்டர் தண்ணீர் 150 கிலோ. எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு ஒருமுறை எடை மேடையில் நிறுத்திப் பாருங்கள்.

அப்புறம் பிரேக் கன்ட்ரோலர், அதாவது வண்டியில் இருந்தபடி டிரெய்லரின் பிரேக்கை இயக்கும் கருவி. மின்பிரேக் உள்ள டிரெய்லருக்கு இது இரண்டு வகையில் வருகிறது. நேரக் கணக்கு வகை, நீங்கள் மெதுவாக மிதித்தாலும் அவசரமாக மிதித்தாலும் முன்பே வைத்த அளவில்தான் டிரெய்லர் பிரேக்கைப் போடும். விகிதாசார வகை, வண்டி எவ்வளவு வேகமாக நிற்கிறதோ அதற்கு ஏற்றபடி போடும். யோசிக்கவே வேண்டாம், விகிதாசார வகையை வாங்குங்கள். எந்த வகையிலும் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் போடும் ஒரு நெம்புகோலோ பொத்தானோ இருக்கும். அது எங்கே என்று கை தானாகத் தேடிப் போகும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். டிரெய்லர் ஆடினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, அதை மட்டும் இயக்க வேண்டும். வண்டியின் பிரேக்கை அழுத்தினால் ஆட்டம் கூடிவிடும்.

டயரில் எந்த வகை என்பதைவிட வயதுதான் பெரிது. அமெரிக்கத் தரக் குறியீடு உள்ள டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. டிரெய்லர் டயர்கள் தேய்வதற்கு முன்பே வெயிலிலும் நின்ற இடத்திலும் கெட்டுப்போகும். பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று ஐந்தாறு வருடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். புது டிரெய்லராக இருந்தாலும் முதல் 100 கிலோமீட்டர் வாக்கில் நிறுத்தி, சக்கர நட்டுகளை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள்.

லெட்-ஆசிட் பேட்டரியா, லித்தியமா?

இங்கே பதில் ஒரே கேள்வியில் இருக்கிறது: இரவில் மின் இணைப்பு உள்ள இடத்தில் தங்குவீர்களா, இல்லாத இடத்திலா?

மின் இணைப்பு உள்ள இடத்தில்தான் தங்கல் என்றால் பேட்டரிக்கு வேலையே குறைவு. டிரெய்லரோடு வந்த லெட்-ஆசிட் பேட்டரியே போதும். அவ்வப்போது காய்ச்சி வடித்த நீர் ஊற்றிப் பாதுகாத்தால் சரி.

இணைப்பில்லாத இடத்துக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு தலைகீழ். 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். நிரப்பும்போதும் கடைசி 20 சதவீதத்துக்கு மணிக்கணக்கில் ஆகும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் கிட்டத்தட்ட முழுவதையும் எடுக்கலாம், கடைசிவரை வோல்ட்டேஜ் தாழாது, ஆயிரக்கணக்கான சார்ஜ் சுழற்சிகள் தாங்கும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் ஒன்று சுமார் 12 கிலோ. அதே பயன் தரும் இரண்டு லெட்-ஆசிட் பேட்டரிகள் 50 கிலோவைத் தாண்டும். பேட்டரி முன்பக்கக் கொக்கிச் சட்டத்தில் இருந்தால், இந்த மாற்றம் கொக்கிச் சுமையையும் குறைக்கும். மாற்றிய பிறகு மேலே சொன்ன சதவீதத்தை மறுபடி பாருங்கள்.

லித்தியத்துக்கும் நிபந்தனைகள் உண்டு. 0 டிகிரிக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக் கூடாது, குளிர்ப் பகுதிக்குப் போகிறவர்கள் சூடேற்றும் வசதி உள்ளதை வாங்க வேண்டும். டிரெய்லரில் இருக்கும் பழைய சார்ஜர் அதை முழுதாக நிரப்பாமல் விடலாம். ஓடும் வண்டியிலிருந்து நேரடியாக சார்ஜ் செய்தால் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்து வண்டியில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரைச் சூடாக்கலாம், இடையில் மின்சாரத்தை அளவாக விடும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். பேட்டரி விலையை மட்டும் பார்த்து இறங்கினால் இந்தச் செலவுகள் பின்னால் வரும்.

ஃபிரிட்ஜும் இதோடு சேர்ந்த கேள்விதான். கேஸில் ஓடும் அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜ் பேட்டரியை அதிகம் தொடாது. ஆனால் குளிர மணிக்கணக்கில் ஆகும், முந்தின இரவே போட்டுவிட வேண்டும். நிறுத்திய இடம் சாய்வாக இருந்தால் உள்ளே திரவ ஓட்டம் நின்று, குளிரூட்டும் பகுதி நிரந்தரமாகக் கெடலாம். எரிபொருள் நிரப்பும் இடத்தில் அதன் சுடரை அணைத்தே ஆக வேண்டும். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் சாய்வைப் பொருட்படுத்தாது, சீக்கிரம் குளிரும், வெயிலிலும் தளராது. விலையாக ராப்பகலாக பேட்டரியைக் குடிக்கும். லித்தியமும் சோலாரும் இருந்தால் கம்ப்ரசர் என் தேர்வு. லெட்-ஆசிட்டோடு காட்டில் தங்குபவர்களுக்கு கேஸ்தான்.

கழிவறையில் பெரிய தொட்டியா, கழற்றி எடுக்கும் கேசட்டா என்பதில் பெரிய சர்ச்சை வேண்டாம். கேசட் சுமார் 20 லிட்டர்தான் கொள்ளும், குடும்பமாகப் போனால் தினமும்கூடக் கொட்ட வேண்டிவரும். இருவராகப் போய், டிரெய்லரை நகர்த்தாமல் ஒரே இடத்தில் தங்குபவர்களுக்கு அது வசதி. பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் கழிவுக்குழாய் இணைப்பு இருந்தாலும் அதன் வால்வைத் திறந்தே வைக்கக் கூடாது. நீர் மட்டும் வடிந்து கெட்டிக் கழிவு உள்ளே குவிந்து இறுகிவிடும். தொட்டி பெருமளவு நிறைந்த பிறகு திறந்து, அப்புறம் குளியல் நீர்த் தொட்டியைத் திறந்தால் குழாயும் கழுவப்படும்.

மின் இணைப்பில் தங்குபவர்களுக்கு இன்னொரு தேர்வு பாக்கி. சாதா சர்ஜ் புரொடெக்டர் திடீர் வோல்ட்டேஜ் ஏற்றத்தை மட்டும் தடுக்கும். முழு மின்காப்புக் கருவி, வோல்ட்டேஜ் தாழ்ந்தாலும் இணைப்பு தவறாக இருந்தாலும் டிரெய்லருக்குப் போகும் மின்சாரத்தையே துண்டித்துவிடும். ஏசி மோட்டாரை அடிக்கடி பாழாக்குவது தாழ்ந்த வோல்ட்டேஜ்தான் என்பதால், விலை கூடினாலும் இரண்டாவதை வாங்குங்கள். முகாமில் முதலில் கருவியை மட்டும் செருகி, அது சரி என்று காட்டிய பிறகு டிரெய்லரின் வயரை அதில் மாட்டுங்கள்.