சிவப்பு பூசப்பட்ட தெரு: ‘மேப்பிங் இனீக்வாலிட்டி’ இணைய வரைபடம்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மையாருக்கு வயது 74. செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற கறுப்பினப் பெண்மணி. இப்போது மகளோடு வாடகை வீட்டில் இருக்கிறார். நகரத்தின் மேற்கே ஒருகாலத்தில் அவருக்குச் சொந்த வீடு இருந்தது. அந்தத் தெருவைத் தேடித்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தின் இந்த வரைபடத்தை இருவரும் திறந்தோம். கட்டணம் எதுவும் இல்லை.

1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக் கடன் நிறுவனம் ஒன்று இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களைப் பகுதி பகுதியாகத் தரம் பிரித்து வண்ணம் பூசியது. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு. சிவப்பு என்றால் அங்கே கடன் கொடுப்பது ஆபத்து. அந்தப் பழைய வண்ணங்கள் இன்றைய வீதிகளின் மேல் படர்ந்து தெரிகின்றன. அம்மையாரின் தெரு சிவப்பில் இருந்தது. நாங்கள் வீடு வாங்கியபோது ‘நல்ல பகுதி’ என்று நண்பர்கள் கைகாட்டிய இடங்களில் பல, அன்று பச்சையும் நீலமும்! எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

பலர் வண்ணத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். தயவுசெய்து ஒரு பகுதியைத் தொட்டு, மதிப்பீட்டாளர் நிரப்பிய படிவத்தைத் திறந்து படியுங்கள். கட்டடத்தின் வயது, வாடகை, குடும்ப வருமானம். அவற்றுக்கு நடுவே ‘நீக்ரோ’ என்று ஒரு வரி, எத்தனை சதவீதம் என்ற கேள்வியோடு. அடுத்த வரி, யார் ‘ஊடுருவுகிறார்கள்’ என்று கேட்கிறது. அம்மையார் அந்த வரியில் விரலை வைத்தபடி வெகுநேரம் பேசவில்லை.

கறுப்பினப் பகுதிகளில் வீட்டுக் கடன் கிடைக்காமல் போன பழி முழுவதையும் இந்த வரைபடத்தின் மேல் போட முடியாது. 1934இல் உருவான கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் கறுப்பினப் பகுதிகளில் வங்கிகள் கொடுக்கும் வீட்டுக் கடன்களுக்குக் காப்பீடு மறுத்ததே பெரிய அடி என்று வரலாற்றாசிரியர்கள் பலர் வாதிடுகிறார்கள். 1968இல் சட்டம் இந்தப் பாகுபாட்டைத் தடை செய்தது.

வரைபடம் 1930களோடு நின்றுவிடுகிறது. கடனே கிடைக்காத அதே தெருக்களுக்கு 2000களில் கடன் வாசல் தேடி வந்ததை அதில் பார்க்க முடியாது. கூரையை மாற்றுவதற்காக 2006இல் ஒரு தரகர் மூலம் அம்மையார் மறுகடன் எடுத்தார், அதாவது பழைய வீட்டுக் கடனை முடித்து அதே வீட்டின் மேல் புதுக் கடன். அதுவரை ஒரு தவணைகூடத் தவறாதவர். இரண்டே ஆண்டில் வட்டி ஏறியது. 2010இல் வீடு ஏலத்துக்குப் போனது. அமெரிக்கா முழுவதும், 2004இல் கறுப்பினக் குடும்பங்களில் 49 சதவீதம் சொந்த வீட்டில் இருந்தன. 2019இன் நடுவில் அது 41க்கும் கீழே இறங்கியிருந்தது. 2022இல் மத்திய வங்கி எடுத்த கணக்கெடுப்பில் நடுவில் நிற்கும் வெள்ளையினக் குடும்பத்தின் சொத்து, கடன் போக, 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்தினுடையது 44,900. கறுப்பினக் குடும்பங்களுக்குச் சொத்து என்றால் பெரும்பாலும் வீடுதான்.

அம்மையார் அந்தப் படிவத்தை அச்சடித்துத் தரச் சொன்னார். பேத்தி இப்போது வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்திருக்கிறாளாம். தாளின் ஓரத்தில் அவளுக்காகப் பேனாவால் எழுதினார்: “வட்டி எந்த மாதம் ஏறும் என்று கேள்.”