விபாசனா, செயலி, சூரிய நமஸ்காரம்: சட்டம் படிக்கிறவருக்கு எது ஒத்துவரும்?

மூன்று வருட எல்.எல்.பி.யில் இது கடைசி வருடம். விபாசனா தியானம், மைண்ட்ஃபுல்னெஸ் (மூச்சைக் கவனித்து நிகழ்கணத்தில் இருக்கும் பயிற்சி) செயலி, சூரிய நமஸ்காரத்தோடு யோகா: மூன்றையும் செய்து பார்த்தாயிற்று. இன்றைக்கு மிஞ்சியிருப்பது யோகா மட்டும்தான். அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள். பதற்றம் குறையும், தூக்கம் வரும் என்பதெல்லாம் மூன்றுக்கும் பொது, அதை விட்டுவிடலாம்.

விபாசனாவின் ஆழம் மற்ற இரண்டிலும் கிடையாது. சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது விபாசனா மையத்தில் பத்து நாள் இருந்தேன். கட்டணம் இல்லை. காலை 4 மணிக்கு மணி அடித்துவிடும். ஃபோன், புத்தகம், பேனா எதற்கும் அனுமதி இல்லை. முதல் மூன்று நாள் மூச்சைக் கவனிப்பது மட்டுமே வேலை. எனக்கோ கொலைக்கான சட்டப்பிரிவுகள், பழைய 302-ம் புதிய 103-ம், தலைக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. சேரும் நாள், கிளம்பும் நாள் சேர்த்தால் 12 நாள் போய்விடும். பார் கவுன்சில் கேட்கும் 70 சதவீத வருகைப்பதிவை நினைத்தால் விடுமுறையில்தான் முடியும். திரும்பி வந்தபின் தினமும் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். சிக்கல் அங்கேதான்.

செமஸ்டர், மூட் கோர்ட் (மாணவர்கள் வாதாடும் மாதிரி நீதிமன்றம்), இன்டர்ன்ஷிப் என்று வருடத்தில் இரண்டு முறையாவது எந்தப் பயிற்சியும் அறுந்துபோகும். காலை 10.30-க்குக் கோர்ட், சாயங்காலம் சீனியர் ஆபீஸ் என்றால் வேறு வழியில்லை. ஆகவே நான் பார்ப்பது ஒன்றைத்தான்: விட்டதைத் திரும்பப் பிடிக்க எவ்வளவு பாடு?

இரண்டு மாதம் விட்டுவிட்டு விபாசனாவுக்கு உட்கார்ந்தேன். பத்தாவது நிமிடமே முட்டியும் குற்றவுணர்வும் போட்டி போட்டு வலித்தன. செயலி இன்னும் மோசம். விடாமல் செய்தது 41 நாள் என்று காட்டிய எண், ஒரு நாள் விட்டதும் பூஜ்யம். வாதி வராததால் வழக்கு தள்ளுபடியானது போல. அப்படித் தள்ளுபடியான வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி ஆர்டர் 9 ரூல் 9-ல் மனு போடலாம்; இங்கே அதற்கும் வழியில்லை.

யோகாவில் அப்படியில்லை. மூன்று சுற்று சூரிய நமஸ்காரம், சுவரில் கால் தூக்கிப் போட்டு ஐந்து நிமிடம், கொஞ்சம் நாடி சுத்தி (மூக்கின் இரு துளைகளிலும் மாற்றி மாற்றி மூச்சு விடுவது): 20 நிமிடத்துக்குள் முடியும். மூன்று வாரப் பரீட்சைக்குப் பிறகு விரிப்பைப் போட்டால், சூரிய நமஸ்காரத்தில் குனியும்போது குதிகால் தரையைத் தொடாது. தண்டனை அவ்வளவுதான். நான்காம் நாள் தொட்டுவிடும். பேர் ஆக்ட் (சட்டத்தின் மூல வாசகம் உள்ள புத்தகம்) மேல் கவிழ்ந்தே கிடக்கும் கழுத்துக்கும் அதே நேரத்தில் வைத்தியம் ஆகிவிடுகிறது. (கோரைப்பாய் வேண்டாம், வழுக்கும். நான் ஜமுக்காளத்துக்கு மாறிவிட்டேன்.) கும்பகத்தை, அதாவது மூச்சை அடக்குவதை, மட்டும் ஆசிரியர் இல்லாமல் தொடவில்லை.

மைண்ட்ஃபுல்னெஸுக்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டும். வழக்கை அழைக்கும்வரை கோர்ட் ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது ஜமுக்காளம் விரிக்க முடியாது. மூச்சைக் கவனிக்கலாம், யாருக்கும் தெரியாது. மூட் கோர்ட்டில் நீதிபதி கேள்வி கேட்டதும் ஒரு மூச்சு விட்டுப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு அதில் வந்ததுதான். ஆனால் 1979-ல் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி இன்று எட்டு வார வகுப்பு, வீட்டில் தினமும் சுமார் 45 நிமிடப் பயிற்சி. நான் செய்ததோ செயலியில் பத்து நிமிடம். என் தீர்ப்பை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

என் அறைத்தோழன் அதே பத்து நாள் முடித்தவன். இன்றும் விடியற்காலை ஒரு மணி நேரம் தவறாமல் உட்காருகிறான். இரவு 9.30-க்கே விளக்கணைத்துப் படுப்பவன் அவன்.