சிவப்புக் கோடு வராத பிழைகள்: ஸ்பெல் செக்கை நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றின் ஆர்டர்களைக் கையாளும் மெர்ச்சண்டைசிங் பிரிவில் வேலை செய்பவருக்கு நாளின் பெரும்பகுதி ஆங்கிலம் எழுதுவதிலேயே போகிறது. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மெயில், சாயப்பட்டறைக்கு வேலை உத்தரவு, பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ் என அனைத்தும் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகின்றன. இவ்வேலைக்காக வேர்ட், எக்செல் ஆகியவற்றில் எழுத்துப்பிழையைக் காட்டும் ஸ்பெல் செக்கையும், மேசையில் ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதியையும் வைத்துக்கொண்டு பல ஆண்டுகளாக எழுதிவருகிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்பதால் அந்த அனுபவத்தை இங்கே பகிர்கிறேன்.

அவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “ஏனுங்க சார், சிவப்புக் கோடே வரலீங்களே, அப்பறம் எப்படித் தப்பாகும்?” இல்லாத சொல்லை எழுதினால் மட்டுமே சிவப்புக் கோடு வரும், இருக்கும் சொல்லைத் தவறான இடத்தில் எழுதினால் அது வராது. எங்கள் தொழிலில் இந்த இரண்டாம் வகைப் பிழைதான் ஆபத்தானது. சாயமேற்றுதலைக் குறிக்கும் டையிங் என்ற சொல்லில் ஒய் எழுத்துக்கும் ஐ எழுத்துக்கும் நடுவே ஓர் ஈ எழுத்து இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் சாதல் என்ற பொருள் வந்துவிடும். ஆனால் அதுவும் சரியான ஆங்கிலச் சொல்லே என்பதால் கணினி பேசாமல் இருந்துவிடும். துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைத் தீயில் பொசுக்கும் சின்ஜிங்கிலும் அதே ஈ எழுத்தை விட்டுவிட்டால் பாட்டுப் பாடுவதாகப் பொருள் மாறிவிடும். இடுப்பளவைக் குறிக்கும் வெய்ஸ்ட்டும் கழிவுப் பஞ்சைக் குறிக்கும் வேஸ்ட்டும் ஒலியில் ஒன்றுதான், இரண்டுமே எங்கள் தாள்களில் அன்றாடம் வருபவை. தளர்வைக் குறிக்கும் லூஸில் ஓ இரண்டு, இழப்பைக் குறிக்கும் லூஸில் ஓ ஒன்று. காதால் கேட்டே ஆங்கிலம் கற்றவர்கள் இங்கெல்லாம் தடுமாறுவதில் வியப்பில்லை.

2007 பதிப்பிலிருந்து வேர்டில் வாக்கியத்தின் சூழலைப் பார்த்து, பொருந்தாத சொல்லுக்கு வேறு நிறக் கோடு இடும் வசதி வந்தது. முழு வாக்கியங்கள் கொண்ட மெயிலில் இது ஓரளவு உதவுகிறது. ஆனால் அளவுத் தாளிலும் பேக்கிங் லிஸ்ட்டிலும் இரண்டு மூன்று சொல் துணுக்குகள்தான் இருக்கும் என்பதால், சூழல் என்று பார்ப்பதற்கு அங்கே ஏதுமில்லை. இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. முழுவதும் கேப்பிட்டல் எழுத்தில் உள்ள சொற்களையும், எண் கலந்த சொற்களையும் சோதிக்காமல் கடந்துபோவதுதான் வேர்டின் இயல்பான அமைப்பு. ஏற்றுமதித் தாள்கள் பெரும்பாலும் கேப்பிட்டலில்தான் தட்டப்படுகின்றன. ஆகவே அவற்றில் கோடு வராதிருப்பதற்குப் பிழையின்மை காரணமன்று, அவை படிக்கப்படவே இல்லை என்பதே காரணம். ஆப்ஷன்ஸில் ப்ரூஃபிங் பகுதிக்குச் சென்று, கேப்பிட்டல் சொற்களை விட்டுவிடச் சொல்லும் தேர்வுக் குறியை நீக்கிவிட வேண்டும். எக்செலில் தட்டும்போதே கோடு வருவதில்லை. தாளை அனுப்பும் முன் எஃப் 7 பொத்தானை அழுத்திச் சோதிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பயன்பட்ட வசதி, பலரும் அறியாத விலக்கு அகராதி. சரியான சொல்லாக இருந்தாலும் நம் தாளில் வரக்கூடாத சொற்களை ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதி வைத்தால், அவற்றை வேர்ட் பிழையாகவே காட்டும். ஈ இல்லாத டையிங்கையும் சின்ஜிங்கையும் அதில் சேர்த்த பிறகு அவை எங்கள் பிரிவிலிருந்து அநேகமாக மறைந்துவிட்டன. இந்தியா, பிரிட்டன், அமெரிக்கா என ஆங்கிலத்தின் ஒவ்வொரு வகைக்கும் தனிக் கோப்பு உண்டு. நாம் எந்த வகையைத் தேர்ந்தெடுத்திருக்கிறோமோ அதற்குரிய கோப்பில்தான் எழுத வேண்டும். வெய்ஸ்ட், வேஸ்ட் இரண்டும் நமக்குத் தேவை என்பதால் அவற்றுக்கு இந்த வழி உதவாது.

கோடு வரும் பிழைக்கும் வராத பிழைக்கும் உள்ள வேறுபாட்டின் கனம் வங்கிக்குப் போகும் தாள்களில் நன்றாகவே தெரிகிறது. ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வங்கி அளிக்கும் உறுதிப் பத்திரமே எல்.சி. அதற்கான ஆவணங்களைச் சோதிப்பதற்குப் பன்னாட்டு வணிகச் சபை வகுத்துள்ள நடைமுறை விளக்கம், பொருளை மாற்றாத எழுத்துப்பிழையை முரண்பாடாகக் கொள்வதில்லை. மெஷின் என்ற சொல்லில் ஓர் எழுத்து மாறியிருந்தால் அது மன்னிக்கப்படுகிறது. ஆனால் மாடல் 321 என்று இருக்க வேண்டிய இடத்தில் 123 என்று இருந்தால் அது முரண்பாடாகிவிடும். சிவப்புக் கோடு காட்டும் பிழையை வங்கியே பொறுத்துக்கொள்ள, அது காட்டாத பிழையில் பணம் நின்றுபோகக்கூடும்.

எழுத்தெல்லாம் சரியாக இருந்தும் பொருள் மாறும் இடங்களில் அகராதியின் துணைதான் வேண்டியிருக்கிறது. வெஸ்ட் என்றால் பிரிட்டன்காரருக்கு நம் பனியன், அமெரிக்கருக்குச் சட்டைக்கு மேல் அணியும் கையில்லா மேலாடை. பேன்ட்ஸ் என்பது அமெரிக்காவில் முழுக்கால் சட்டை, பிரிட்டனில் உள்ளாடை. உள்ளாடை தைத்து அனுப்பும் ஊரில் இதைவிட முக்கியமான சொல் வேறெது இருக்க முடியும்? ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி, பிற மொழியினருக்கென்றே தொகுத்து 1942-இல் டோக்கியோவில் வெளியான அகராதியின் வழிவந்தது என் மேசையிலுள்ள ஆக்ஸ்போர்டு அகராதி என்பதால், நாட்டு வழக்கு வேறுபாடுகளையும், ஒன்றுபோல் தோன்றும் சொற்களின் வேறுபாடுகளையும் தனிக் குறிப்புகளாகவே தருகிறது. அச்சுப் பிரதி கனமானதுதான். இருந்தாலும், தேடிய சொல்லுக்குப் பக்கத்துச் சொல்லும் கண்ணில் படுகிறது என்பதற்காகவே நான் அதை விரும்புகிறேன்.

நேரமும் தேதியும் தனிக் கவனம் கேட்பவை. ஹாஃப் டென் என்று பிரிட்டன் பையர் சொன்னால் பத்தரை; ஆனால் ஜெர்மன் மொழியில் அதே அமைப்பு ஒன்பதரையைக் குறிக்கும். பைவீக்லி என்ற சொல்லுக்கு வாரம் இருமுறை, இரு வாரத்துக்கு ஒருமுறை என்ற இரண்டு பொருளையும் அகராதியே தருகிறது. அந்தச் சொல்லை அறவே தவிர்த்துவிடலாம். 20-ஆம் தேதிக்குள் சரக்கு ஏற்றுவோம் என்ற கருத்தை 20-ஆம் தேதி வரை ஏற்றிக்கொண்டிருப்போம் என்று பொருள்படும்படி அன்டில் போட்டு எழுதுவது மிகுதியாக உள்ளது. அங்கே ‘அதற்குள்’ என்று பொருள் தரும் பை என்ற சொல்லையே எழுத வேண்டும். 05/06 என்பது நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6 என்பதால், மாதத்தை எழுத்தில் எழுதுவதை எங்கள் பிரிவில் கட்டாயமாக்கியிருக்கிறோம்.

இவ்வளவுக்கும் பிறகு அளவு எண்களை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் அசல் தாளோடு ஒப்பிடும் பழைய முறையை நாங்கள் கைவிடவில்லை. அதற்கு மாற்றாக எந்த மென்பொருளையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். புதுக் கணினி வாங்குபவர்கள் விலக்கு அகராதிக் கோப்பை மறவாமல் நகலெடுத்து வைத்து, கேப்பிட்டல் குறியையும் புதுக் கணினியில் மறுபடி நீக்கிக்கொள்ள வேண்டும்.