தவளைக்கு உறக்கப் பெட்டி என்று 7,400 ரூபாய் போச்சு, யாரும் வாங்காதீங்க

நேற்று ராத்திரிதான் என் தவளையை முருங்கை மூட்டில் புதைத்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேக்மேன் தவளை. தென் அமெரிக்க இனம், உள்ளங்கை அளவு, இரண்டு வருடமாகத் தக்கலையில் எங்கள் வீட்டில் மண்புழு தின்று கொழுத்துக் கிடந்தது. கார்த்திகை கடைசியில் மண்ணுக்குள் புதைந்துகொண்டு இரையே எடுக்கவில்லை. பயந்துபோய், செல்லப் பிராணிகள் விற்கும் ஒரு ஆன்லைன் பக்கத்தில் கேட்டேன். போனில் பேசிய ஆள் அரை மணி நேரம் பொறுமையாக விளக்கினார். தவளை நீண்ட உறக்கத்துக்குப் போகிறது, அதற்குத் தனிப் பெட்டி வேண்டும், உறங்கும்போது தோலை அடுக்கடுக்காக வைத்து உறை கட்டிக்கொள்ளும், மூக்குத் துளை மட்டும் திறந்திருக்கும் என்றார். உறை கட்டுவது உண்மை, நானே படித்திருக்கிறேன், அதனால்தான் மற்றதையும் நம்பித் தொலைத்தேன். "நம்ம பிள்ளை மாதிரி பாத்துக்கலாம் அண்ணா" என்றதும் போனிலேயே 7,400 ரூபாய் அனுப்பிவிட்டேன். அம்மா அப்போதே கேட்டாள், "தவக்களைக்கு ஆரு மக்கா ஏசி வைப்பா?"

வந்தது விசிறி வைத்த ஒரு சின்னக் குளிர் பெட்டி, ஒரு பொட்டலம் 'சிறப்பு மண்', மூன்று மாதம் திறக்காதே, தண்ணீர் தெளிக்காதே என்று ஒரு தாள். மண்ணைக் கையில் அள்ளினால் தேங்காய் நார்த்தூள்! நம்ம ஊர்க் கயிறு ஆலை வாசலில் குவிந்து கிடக்கிற சாமானம்.

பத்தாம் நாள் கண்ணாடி வழியே பழுப்புத் தோல் தெரிந்தது. படம் அனுப்பினேன். "உறை கட்டுது அண்ணா, சூப்பர்." பதினைந்தாம் நாள் வாடை. "அது மண்ணோட வாடை." அப்புறம் நீல டிக் மட்டும், அப்புறம் பிளாக். இருபத்திரண்டாம் நாள் கரண்டியால் கிளறினேன். வெங்காயச் சருகு மாதிரி தோல், அதற்குள் பாதியாகச் சுருங்கி, பின்னங்கால் விறைத்து. கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு உலர்ந்து செத்திருக்கிறது என்றார். தவளை தோல் வழியாகத்தான் தண்ணீர் எடுக்கும், நானோ கழுவாத, உப்பு ஏறிய நார்த்தூளில் போட்டு மேலே விசிறியும் ஓடவிட்டிருக்கிறேன். 7,400 ரூபாய் கொடுத்து!

வளர்ப்பவர்களுக்கு: நம்ம மாவட்டத்தில் இதை உறங்க வைக்கவே தேவையில்லை. 24 முதல் 28 டிகிரி, ஈரமான மண், போதும். புதைந்துகொண்டால் முதலில் மண் காய்ந்திருக்கிறதா பாருங்கள், குளோரின் போன தண்ணீரில் மூக்கு முங்காத அளவுக்கு உட்கார வையுங்கள். நார்த்தூள் போட்டால் நாலைந்து தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். முன்பணம் அனுப்பாதீர்கள். வேறு என்னவெல்லாமோ எழுத நினைத்தேன், முடியவில்லை.

சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் பண்ணிப் புகார் கொடுத்திருக்கிறேன். இன்று காலை தம்பி போனில் பார்த்தால் அதே பெட்டி, 'பொங்கல் ஆஃபர் 6,999'.