படிகமா, கிரையோவா? ஏற்பி-ஜி புரதக் கூட்டைப் பார்க்க எது தோது

செல்லின் சவ்வில் இருந்து வெளிச்செய்தியை வாங்கும் ஏற்பியும், அதை உள்ளே கடத்தும் ஜி புரதமும் ஒட்டிக்கொண்டிருக்கும் நிலையிலேயே அவற்றின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். அதற்காக இரண்டு ஆண்டுகள் படிகத்தின் பின்னால் அலைந்தோம். ஊசி ஊசியாகப் படிகங்கள் வரும். எக்ஸ்ரேயில் வைத்தால் உருப்படியாக ஒரு புள்ளி விழாது. அப்புறம்தான், புரதத்தை உறையவைத்துப் படமெடுக்கும் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு மாறினோம். ஆக, என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

படிகத்துக்குப் புரதம் நிறைய வேண்டும். கிரையோவுக்கு கிரிட் எனும் 3 மில்லிமீட்டர் வலைத்தட்டில் 3 மைக்ரோலிட்டர் விட்டால் போதும். கருவியில் நேரம் வாங்க இரண்டிலும் வரிசைதான். இதெல்லாம் தெரிந்த கதை.

எங்கள் முடிவைத் தீர்த்தது அசைவு. படிகம் வளரக் கோடானுகோடி மூலக்கூறுகள் ஒரே கோலத்தில் அடுக்கி நிற்க வேண்டும். ஏற்பிக்கோ அசைவதே தொழில். அதனால் 2007இல் அட்ரினலினை உணரும் பீட்டா-2 அட்ரினர்ஜிக் ஏற்பியைப் படிகமாக்கியபோது, ஆட்டம் போடும் மூன்றாவது உள்வளையத்தை எடுத்துவிட்டு அங்கே டி4 லைசோசைம் என்ற, எளிதில் படிகமாகும் புரதத்தைச் செருகினார்கள். அபாரமான யோசனைதான். ஆனால் ஜி புரதம் வந்து உட்காருவதும் அந்தப் பக்கம்தானே! வாசலில் கட்டிலைப் போட்டுவிட்டு விருந்தாளியைக் கூப்பிட்ட கதை. 2011இல் பிரையன் கோபில்கா குழு இதே ஏற்பியை ஜிஎஸ் எனும் ஜி புரத வகையோடு சேர்த்துப் பிடித்தபோது, லைசோசைமை ஏற்பியின் வெளிப்புற முனைக்கு மாற்றியது. கூட்டு கலையாமலிருக்க நானோபாடி எனும் சின்ன ஆன்டிபாடித் துண்டையும் சேர்த்தது. கிடைத்த தெளிவு 3.2 ஆங்ஸ்ட்ராம். (ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு; தெளிவில் எண் குறையக் குறையப் படம் கூர்மை.) ஏற்பியின் ஆறாவது ஹெலிக்ஸின் (சுருளின்) உள்முனை 14 ஆங்ஸ்ட்ராம் வெளியே விலகுவது அதில் தெரிந்தது. பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு புது ஏற்பிக்கும் அந்தப் பாடு படுவதென்றால்?

கிரையோவில் அசைவை அந்த அளவுக்கு அடக்க வேண்டாம். திரவ ஈத்தேனில் சடாரென்று உறையவைத்து, லட்சக்கணக்கான துகள் படங்களைக் கணினியில் வகை பிரிக்கிறோம். ஆடும் பகுதி மட்டும் மங்கும். எங்கள் வரைபடத்தில், ஜி புரதத்தின் ஒரு பாகமான ஜி ஆல்பாவின் ஹெலிக்ஸ் பகுதி அப்படித்தான் கரைந்துபோனது. அதை ஒதுக்கிவிட்டு மற்றதைக் கூர்மையாக்கினோம். 2017இல் கால்சிடோனின் ஏற்பி-ஜிஎஸ் கூட்டு இந்த வழியில் 4.1 ஆங்ஸ்ட்ராமில் வந்தது. ஜி புரதம் வெளியே துருத்தி நிற்பதால், படங்களைத் திசைப்படுத்த ஒரு பிடியும் கிடைத்துவிடுகிறது. தொல்லையே இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் துகள்கள் எல்லாம் முதலில் ஒரே பக்கமாகப் படுத்துக்கொண்டன; மற்ற கோணங்கள் கிடைக்கவில்லை. ஏற்பியைக் கரைத்து வைக்கும் டிடெர்ஜென்ட்டை மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் சரியானது.

ஜி புரதம் இல்லாத, ஓய்வு நிலை ஏற்பி என்றால் அந்தப் பிடி இல்லை. சிறிய ஏற்பி டிடெர்ஜென்ட் உறைக்குள் புதைந்து கிடக்கும். அங்கே நான் படிகத்துக்கே போவேன். 2012இல் வந்த ஏ2ஏ அடினோசின் ஏற்பியின் 1.8 ஆங்ஸ்ட்ராம் படிகத்தில் சோடியம் அயனியும், சுற்றியிருந்த நீர் மூலக்கூறுகளும்கூடத் தெரிந்தன. இணைப்புப் புரதமும் ஆன்டிபாடித் துண்டும் ஒட்டி, இந்த நிலையையும் கிரையோவில் பிடிக்கிறார்கள். நான் கையால் செய்து பார்த்ததில்லை. ஏற்பியின் சமிக்ஞையை அடக்கும் அரெஸ்டின் புரதத்தோடு சேர்ந்த கூட்டுகளையும் செய்து பார்த்ததில்லை. கூட்டைப் பற்றி நான் சொன்னதெல்லாம் ஜிஎஸ் வகைக்கு மட்டும்.